கொயர் கச்சேரிக்குச் சினிமாப் பாட்டு: எந்த அரேஞ்ச்மென்ட்டை எடுப்பது?

புதிதாக ஒரு கொயரை (பலர் சேர்ந்து பாடும் குழுவை) நடத்த ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பாட்டுப் பட்டியலோடுதான் வருவார்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, முதல் வரியிலேயே கைதட்டு விழும் பாட்டு, குழுவில் நான்கு பேர் விடாமல் நச்சரிக்கும் பாட்டு. பட்டியல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கச்சேரி எப்படி அமையும் என்பதை அது சொல்லாது. ஒரே பாட்டுக்கு ஐந்து அரேஞ்ச்மென்ட், அதாவது குரல்களுக்குப் பிரித்து எழுதிய வடிவம், கிடைக்கும். ஒன்று சுமாரான குழுவையும் நிமிர்த்திவிடும், இன்னொன்று மூன்று மாதம் ஒத்திகை பார்த்தாலும் வேகாது. அதனால் பாட்டைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை, கல்லூரியிலோ தேவாலயத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ முப்பது பேரைச் சேர்த்து முதல் கச்சேரிக்குத் தயாராகும் ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் குரல்கள்

முதல் ஒத்திகையில் ஒவ்வொருவரையும் தனியாக ஐந்து நிமிடம் பாடவைத்து, எங்கிருந்து எங்கு வரை வசதியாகப் போகிறார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டிப் பிடிக்கிற உச்ச சுரம் வேறு, அங்கேயே எட்டு பார் (தாளப் பகுதி) நின்று பாட முடிகிற சுரம் வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும்.

அமெச்சூர் குழுவுக்கான தோராயக் கணக்கு இது. சோப்ரானோ, ஆல்ட்டோ என்பவை பெண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்கள்; டெனர், பாஸ் ஆண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்கள். மிடில் சி என்பது பியானோவின் நடுவில் உள்ள சி, ஆக்டேவ் என்றால் ஒரு ஸ்தாயி. சோப்ரானோவுக்கு மிடில் சி-யிலிருந்து மேலே ஒன்றரை ஆக்டேவ். ஆல்ட்டோவுக்கு மிடில் சி-க்குக் கீழே உள்ள ஜி-யிலிருந்து மேலே ஒன்றரை ஆக்டேவ். டெனர், மிடில் சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே தொடங்கி மிடில் சி-க்கு மேலே உள்ள எஃப் வரை போகலாம், நல்ல டெனர் என்றால் ஜி வரை. பாஸ், மிடில் சி-க்கு ஒன்றரை ஆக்டேவ் கீழிருந்து மிடில் சி வரை.

இந்தக் கணக்கு மேற்கத்தியப் புத்தகங்களில் உள்ளது. நம் ஊர்க் குரல்களோடு ஓர் இடத்தில் இடிக்கும். கர்நாடக சங்கீதமோ சினிமாப் பாட்டோ பாடி வளர்ந்த பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள். ஐந்து கட்டை என்றால் ஜி. அவர்களுடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் மிடில் சி-க்குக் கீழே இருக்கிற ஜி. மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை போனால், மிடில் சி-க்கு ஓர் ஆக்டேவ் தாண்டி வரும் டி. அப்படியே ஆல்ட்டோவின் எல்லை அது! 'நான் ஹை பிட்ச் பாடுவேன்' என்று சொல்லிக்கொண்டு சோப்ரானோ வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு, அதற்கு மேலே உள்ள எஃப், ஜி எல்லாம் தலைக்குரலில் (லேசான மேல்குரலில்) பாட வேண்டிய புதுப் பிரதேசம். பேசும்போது வரும் நெஞ்சுக்குரலிலேயே தள்ளிக்கொண்டு போனால் கத்தலாகத்தான் வரும். சின்ன வயதிலிருந்து தேவாலயக் குழுவில் பாடியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. உங்கள் குழுவில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால், சோப்ரானோ வரி எவ்வளவு உயரம் போகலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் டெனர். எந்த ஊரிலும் டெனர் பஞ்சம்தான். முப்பது பேரில் நாலு டெனர் இருந்து, அதில் ஒருவர் ஐடி ஷிப்ட் காரணமாகப் பாதி ஒத்திகைக்கு வராதவர் என்றால், உங்களிடம் நான்கு குரல் கொயர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த குரல் உள்ள இரண்டு ஆல்ட்டோக்களை டெனர் பக்கம் நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் டெனர் வரி மிடில் சி-க்குக் கீழேயே ரொம்ப நேரம் புழங்கினால் அவர்கள் குரல் கேட்காது.

அட்டையில் எழுதியிருப்பது

அச்சான ஷீட் மியூசிக்கில் முதல் பக்கத்திலேயே குரல் பிரிவு போட்டிருக்கும். எஸ்ஏடிபி என்றால் நான்கு குரல். எஸ்ஏபி என்றால் ஆண்கள் எல்லாரும் ஒரே வரி. எஸ்எஸ்ஏ பெண்கள் மட்டும், டிடிபிபி ஆண்கள் மட்டும். ஹால் லெனார்ட், ஆல்ஃபிரட் போன்ற பெரிய பதிப்பகங்கள் ஆங்கிலப் பாப் பாடல்களுக்கு ஒரே அரேஞ்ச்மென்ட்டை நான்கு குரல், மூன்று குரல், இரண்டு குரல் என்று தனித்தனிப் பதிப்புகளாக விற்கின்றன. ஆர்டர் போடும்போது எண்ணைச் சரிபார்க்காவிட்டால் வேறு பதிப்பு வந்து சேரும்.

டெனர் பஞ்சம் இருக்கிற புதுக் குழுவுக்கு என் ஓட்டு மூன்று குரல் பதிப்புக்குத்தான். அதை ஏதோ குழந்தைகள் சமாச்சாரம் மாதிரிப் பார்க்கிறவர்கள் உண்டு. நன்றாக நிற்கிற மூன்று குரல், ஆடிக்கொண்டிருக்கும் நான்கு குரலைவிடப் பெரிதாகக் கேட்கும்.

'டிவிசி' என்ற சொல் கண்ணில் பட்டால் உஷாராகுங்கள். அந்த இடத்தில் ஒரு பிரிவே இரண்டாகப் பிரிகிறது என்று பொருள். அட்டையில் நான்கு குரல் என்று இருக்கும், உள்ளே கடைசிப் பக்கத்தில் ஏழு குரல் இருக்கும்.

பதிப்பகங்கள் தளத்தில் போட்டிருக்கும் மாதிரி ஒலிப்பதிவை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அதில் பாடுகிறவர்கள் ஸ்டுடியோவில் மைக் முன்னால் நிற்கும் தொழில்முறைப் பாடகர்கள். எந்தச் சுமாரான அரேஞ்ச்மென்ட்டும் அவர்கள் வாயில் அழகாகிவிடும். ஒலிப்பதிவை ஒரு தடவை கேளுங்கள், பிறகு நிறுத்திவிட்டு மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள்.

எந்த மெட்டு ஹார்மனியைத் தாங்கும்?

இங்கேதான் தமிழ்ப் பாட்டுக்கும் ஆங்கிலப் பாட்டுக்கும் வழி பிரிகிறது. ஆங்கிலப் பாப் பாட்டு பெரும்பாலும் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) மேல் கட்டப்பட்டது. நான்கு குரலாகப் பிரித்தால் அந்தக் கார்டுகள்தான் வாயால் வரப்போகின்றன. தமிழ்ச் சினிமாப் பாட்டில் அப்படிப்பட்டவையும் உண்டு, ராகத்தின் கமகத்தையே நம்பி நிற்பவையும் உண்டு. தோடியிலோ பைரவியிலோ காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் ஆல்ட்டோவும் டெனரும் நேர்கோடாக ஒரு கார்டைப் பிடித்தால் இரண்டும் உரசும். அசைவை எடுத்துவிட்டால் ராகம் போய்விடும். இப்படிப்பட்ட பாட்டை நான்கு குரலாக்கும் ஆசை வந்தால், மெட்டை ஒரு தனிப்பாடகரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஸ-ப சுருதியில் நிறுத்துவதோடு முடித்துக்கொள்வது நல்லது.

சங்கராபரணம் மேஜர் ஸ்கேல்தான். நடபைரவி இயல்பான மைனர். கீரவாணி ஹார்மானிக் மைனர். மோகனம் ஐந்து சுர மேஜர். இந்தச் சாயலில், கமகம் குறைவாக உள்ள மெட்டுகள் ஹார்மனிக்கு இசைந்து வரும். கரகரப்பிரியாவும் ஹரிகாம்போதியும் கொஞ்சம் கவனமாகச் செய்தால் அருமையாக வரும், மேற்கத்திய மோட்களில் (பழைய ஸ்கேல் வகைகளில்) அவற்றுக்கு நேர் உறவு இருக்கிறது.

இளையராஜா பாடல்களை நிறைய கொயர்கள் எடுப்பதற்குக் காரணம் ரசிகப் பாசம் மட்டும் இல்லை. அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். மெட்டுக்கு எதிராக ஓடும் இன்னொரு மெட்டு, தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கும் பேஸ் கிடார் வரி, இவையெல்லாம் பல பாடல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அரேஞ்ச்மென்ட்டில் பாதி வேலையை இசையமைப்பாளரே முடித்துக் கொடுத்தது மாதிரிதான். ஆனால் பேஸ் கிடாரின் அடித்தந்தி மனிதக் குரலால் தொட முடியாத ஆழத்தில் இருக்கும். அந்த வரியை ஓர் ஆக்டேவ் மேலே எழுத வேண்டும். எழுதினால் சில இடங்களில் டெனரோடு மோதும். நல்ல அரேஞ்சர் அங்கே டெனரை நகர்த்தியிருப்பார். மோசமானவர் அப்படியே விட்டிருப்பார். இதை வைத்தே ஆளை எடைபோடலாம்.

ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் 'திருடா திருடா' (1993) படத்தில் வந்த 'ராசாத்தி' பாட்டு, வாத்தியங்களை நம்பாமல் ஷாகுல் ஹமீதின் குரலையும் கோரஸையும் வைத்தே கட்டியது. தமிழில் கொயருக்கு என்ன செய்யலாம் என்று ஒரு புதியவருக்குக் காட்ட வேண்டுமானால் நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான். ஒரு தனிக்குரல், அதற்குக் கீழே கார்டு பிடிக்கும் குரல்கள். நாடோடி மெட்டாக இருந்தும் ஹார்மனி உறுத்தாது.

சினிமாப் பாட்டில் இடையிசை வேறு இருக்கிறது. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இன்னொரு சரணம். பெரும்பாலும் இரண்டு சரணத்துக்கும் ஒரே மெட்டு, அதனால் கச்சேரிக்கு ஒரு சரணம் போதும். இடையிசையை வயலினிடமோ கீபோர்டிடமோ கொடுத்துவிடலாம். குரலால் பாட நினைத்தால் 'லா லா' என்று முழுக்க நிரப்பாதீர்கள், இருபது விநாடியில் சலித்துவிடும். ஓடும் வரிக்கு 'தும்', 'டு', நிற்கும் கார்டுக்கு 'ஊ' என்று பிரித்து எழுதியிருக்கிறதா பாருங்கள்.

குத்துப் பாட்டு? தாளம்தான் அதன் உயிர். தவிலும் பறையும் இல்லாமல் முப்பது பேர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பாடினால் சங்கடமாக இருக்கும். தாளவாத்தியம் ஏற்பாடு செய்ய முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பென்சிலோடு ஸ்கோரைப் படிப்பது

காதால் கேட்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒவ்வொரு பிரிவின் வரியையும் தனியாக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். மிக உயர்ந்த சுரம், மிகத் தாழ்ந்த சுரம் இரண்டையும் வட்டமிடுங்கள். அதைவிட முக்கியம், வரி பெரும்பாலும் எந்த உயரத்தில் உலவுகிறது என்பது. சோப்ரானோ ஒரே ஒருமுறை மேல் ஜி-யைத் தொட்டு இறங்கினால் சமாளிக்கலாம். இரண்டு பக்கம் முழுக்க ஈ, எஃப் என்று மேலேயே சுற்றினால் மூன்றாவது பாட்டில் குரல் போய்விடும்.

ஆண் குரலுக்கு அமைந்த சினிமாப் பாட்டில் இது குறிப்பாக வரும். ஒரு கட்டையில் பாடும் ஆண் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் அது டெனரின் உச்சமான ஜி. அதே மெட்டை அப்படியே ஓர் ஆக்டேவ் ஏற்றிச் சோப்ரானோவிடம் கொடுத்தால் அவர்களுடைய உச்சத்தில் போய் நிற்கும். பாட்டை இரண்டு மூன்று அரைச் சுரம் இறக்கி எழுதியிருந்தால் நல்லது. ஆனால் இறக்கும்போது பாஸ் தரையைத் தட்டுகிறதா என்று அதையும் பாருங்கள்.

அடுத்தது, மெட்டு யாரிடம் இருக்கிறது. முழுப் பாட்டும் சோப்ரானோவிடமே இருந்து, ஆல்ட்டோ நாற்பது பார் இரண்டே சுரத்தில் 'ஊ' சொல்லிக்கொண்டிருந்தால், நாலாவது வாரம் ஆல்ட்டோவில் ஆள் குறைய ஆரம்பிக்கும். அவர்களும் அந்தப் பாட்டை விரும்பித்தானே வந்தார்கள். ஒரு சரணத்தின் முதல் பாதியையாவது டெனருக்கோ ஆல்ட்டோவுக்கோ கொடுத்திருக்கும் அரேஞ்ச்மென்ட் என்றால் நான் இரண்டு குறையைப் பொறுத்துக்கொள்வேன்.

மூச்சு எங்கே விடுவது என்று பாருங்கள். பாப் பாடல்களில் தனிப்பாடகர் ஒலிப்பதிவில் இழுத்ததையும் தள்ளியதையும் அப்படியே நோட்டேஷனாக எழுதும் பழக்கம் உண்டு. பார்த்தால் பதினாறாம் பாகக் குறிப்புகளும் கட்டுகளுமாகப் பக்கம் கறுத்துக் கிடக்கும். நோட்டேஷன் சரளமாக வாசிக்காதவர்கள் குழுவில் பாதி என்றால், இந்த வகையைத் தவிருங்கள், அல்லது காதால் கற்றுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

கடைசி பல்லவியில் ஓர் அரைச் சுரமோ முழுச் சுரமோ ஏறும் அரேஞ்ச்மென்ட்கள் ஏராளம். கைதட்டு நிச்சயம். வாத்தியமில்லாமல் பாடும் குழுவுக்கு மட்டும் இது கண்ணி. ஏறுவதற்கு முன்னாலேயே சுருதி இறங்கியிருந்தால் எங்கே வந்து இறங்குவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. பியானோ துணை இருக்கிற பாட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பியானோ பகுதியையும் உங்கள் வாசிப்பாளரிடம் காட்டிவிடுங்கள். குரல்களுக்கு எளிதாக எழுதியதை ஈடுகட்டப் பியானோவைக் கடினமாக எழுதுவது சிலருடைய வழக்கம். பதிவு செய்த பின்னணி டிராக் கிடைக்கும்போது மனம் அலைபாயும், ஆனால் அது உங்களுக்காக நிற்காது. ஒரு பிரிவு இரண்டு பார் தவறவிட்டால் பியானோக்காரர் பிடித்துக்கொள்வார், டிராக் போய்க்கொண்டே இருக்கும்.

தமிழ் வரிகள் பாடும்போது

தமிழ்ச் சினிமாப் பாட்டுகளுக்கு அச்சான கொயர் அரேஞ்ச்மென்ட் கடையில் சுலபமாகக் கிடைக்காது. யாராவது எழுதித் தர வேண்டும், அல்லது நீங்களே எழுத வேண்டும். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

எழுதியதைச் சரிபார்க்கும்போது நீண்ட சுரங்கள் எந்த எழுத்தில் விழுகின்றன என்று பாருங்கள். 'பாட்டு', 'காற்று' மாதிரிச் சொற்களின் கடைசி உகரம் குறுகியது. அதில் நாலு எண்ணிக்கை நிற்கவைத்தால் முப்பது பேரும் 'காற்றூ' என்று ஊதுவார்கள். 'கா'விலேயே நின்று கடைசியில் மூடும்படி எழுதுவது நல்லது. 'இல்லை' என்பதைப் பாதிப்பேர் 'இல்லெ' என்றும் பாதிப்பேர் 'இல்லை' என்றும் பாடுவார்கள், ஒன்றை முடிவுசெய்து பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். வரி 'ம்', 'ன்' என்று முடிந்தால் அதிர்ஷ்டம். அந்த மெய்யிலேயே முனகலாக நின்று கார்டை அடக்கலாம், ஆங்கிலப் பாட்டில் இவ்வளவு சுலபமாக அமையாது.

ஆங்கிலப் பாட்டைத் தமிழில் பெயர்த்துப் பாடுவது என்றால் குறில் நெடிலை ஒவ்வொரு சுரத்தோடும் வைத்துப் பாருங்கள். நீண்ட சுரத்தில் 'மலை' விழுந்தால் கேட்பவர் காதில் 'மாலை'தான்.

தமிழ் படிக்கத் தெரியாத பாடகர்களுக்கு ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுத்தால் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். தமிழ் தெரிந்த ஒருவர் வரிகளை நிதானமாக வாசித்து வாய்ஸ் நோட் அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டை அரேஞ்ச் செய்வதும் தழுவல்தான், அந்த உரிமை பாட்டின் உரிமையாளருடையது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. அமெச்சூர் குழு ஒன்று, கட்டணம் செலுத்தாத பார்வையாளர்களுக்காகவோ ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காகவோ பாடினால் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அது மேடையில் பாடுவதற்கான விலக்கு மட்டுமே. வாங்கிய ஒரே ஒரு பிரதியை முப்பது ஜெராக்ஸ் எடுப்பதற்கோ, கச்சேரியைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவதற்கோ அது உதவாது. டிக்கெட் விற்கும் பொது நிகழ்ச்சி என்றால் பாடல் உரிமைகளைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாரதியார் பாடல் என்றால் வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் நாம் முணுமுணுப்பது பெரும்பாலும் சினிமாவில் வந்த மெட்டு. எம். எஸ். விஸ்வநாதன் காலமானது 2015இல். அவர் போட்ட மெட்டுகளுக்கு உரிமை இன்னும் நெடுங்காலம் இருக்கும். வேண்டுமானால் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக மெட்டமைக்கச் சொல்லலாம். தமிழில் சேர்ந்திசைக்கு ஒரு மரபு இருக்கிறது, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு இந்திய மொழிப் பாடல்களைப் பலர் சேர்ந்து பாடும் இசையாகவே வளர்த்தது. புதிய மெட்டு என்றதும் கூட்டம் எழுந்து போய்விடும் என்று பயப்பட வேண்டாம், இரண்டு தெரிந்த பாட்டுக்கு நடுவில் வைத்தால் போதும்.

இடமும் வரிசையும்

எங்கே பாடப்போகிறீர்கள் என்று தெரியாமல் பட்டியலை மூடாதீர்கள். எதிரொலி அதிகமுள்ள பழைய தேவாலயத்தில் வேகமான பாப் பாட்டின் சொற்கள் குழைந்துவிடும், மெதுவான நான்கு குரல் பாட்டு பொங்கி எழும். கல்லூரி மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே நேர்மாறு: வாத்தியமில்லாத மென்மையான பாட்டு முதல் வரிசையைத் தாண்டாது. மின்விசிறிச் சத்தம் உள்ள ஆடிட்டோரியத்துக்கு மைக் எத்தனை, யார் கையில் என்று கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

முதல் கச்சேரிக்கு இடைவேளையோடு ஒரு மணி நேரம் தாராளம். நடுத்தரக் கடினமுள்ள ஒரு புது அரேஞ்ச்மென்ட்டுக்கு நிகரமாக மூன்று மணி நேர ஒத்திகையாவது ஒதுக்கினால்தான் மேடையில் நிற்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தை அதால் வகுத்துப் பார்த்தால் எத்தனை புதுப் பாட்டு எடுக்கலாம் என்று தெரியும். மீதியை ஒரே குரலிலோ இரண்டு குரலிலோ பாடும் எளிய பாட்டுகளால் நிரப்புங்கள்.

கடினமான பாட்டை முதலில் வைக்காதீர்கள், கடைசியிலும் வேண்டாம். இரண்டாவதோ மூன்றாவதோ நல்ல இடம்: குரல் திறந்திருக்கும், பயம் கொஞ்சம் போயிருக்கும், களைப்பு வந்திருக்காது. ஒரே சுருதியில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வந்தால் காரணம் தெரியாமலே கூட்டம் நெளியும். ஒன்ஸ்மோர் கேட்டால் புதுப் பாட்டு தேட வேண்டாம், அன்று நன்றாக அமைந்த ஒன்றின் கடைசிப் பல்லவியைத் திரும்பப் பாடிவிடலாம்.

நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுப்பதை மட்டும் கடைசி இரண்டு வாரம் வரை தள்ளிவையுங்கள். அப்போது ஒவ்வொரு பிரிவும் தன் வரியைத் துணையில்லாமல் தனியாகப் பாடட்டும். பாஸோ டெனரோ பாதியில் நின்றுவிட்டால், அந்தப் பாட்டை அடுத்த கச்சேரிக்கு ஒத்திவைத்துவிட்டு அச்சகத்துக்கு ஃபோன் போடுங்கள்.